மேசன் ஜாடியைக் கண்டுபிடித்தவர் வழக்கில் தோற்றது ஏன்? ஒரு திருகு மூடியின் காப்புரிமைக் கதை

கச்சிராயபாளையத்தில் இருந்து கோமுகி அணை வழியாகக் கல்வராயன் மலைக்கு ஏறுபவர்கள், திரும்பி வரும்போது வெறுங்கையோடு வருவது அபூர்வம். மலைத்தேன், புளி, கடுக்காய், நெல்லிக்காய் என்று ஏதாவது ஒன்று பையில் இருக்கும்.

அதில் தேன் பாட்டிலை மட்டும் எல்லோரும் ஒரு தடவை சோதித்துப் பார்ப்பார்கள். மூடியை இறுக்கித் திருகுவார்கள். பாட்டிலைச் சாய்ப்பார்கள். ஒழுகவில்லை என்றால்தான் பைக்குள் போகும்.

ஒரு திருப்புத் திருப்பினால் காற்றுப் புகாமல் அடைக்கும் இந்த மூடி இன்று நமக்கு ரொம்பச் சாதாரணம். ஆனால் 170 வருஷத்துக்கு முன்னால் இப்படி ஒரு மூடியை நம்பி யாரும் சாப்பாட்டுப் பொருளை அடைத்து வைக்க முடியாது. அந்த நிலையை மாற்றியவர்களில் முக்கியமானவர் ஜான் லாண்டிஸ் மேசன்.

ஹோட்டலில் லெமன் சோடாவும் ஃபலூடாவும் வருகிற கைப்பிடி வைத்த கண்ணாடி ஜாடியை மேசன் ஜார் என்கிறார்களே, அந்த மேசன்தான் இவர். உலகம் முழுக்கத் தெரிந்த பெயர். ஆனால் அந்தப் பெயருக்குச் சொந்தக்காரர் வறுமையில் இறந்தார். அவருடைய ஜாடிக்கான ஒரு முக்கியமான காப்புரிமை, அமெரிக்க உச்ச நீதிமன்றத்தில் செல்லாமல் போனது.

அப்படி என்ன தப்பு செய்தார்? அந்தத் தப்பை இன்று நம்ம ஊரில் ஒருவர் செய்தால் என்ன ஆகும்? விரிவாகப் பார்க்கலாம்.

யார் இந்த மேசன்?

ஜான் லாண்டிஸ் மேசன் பிறந்தது 1832-ல், அமெரிக்காவின் நியூஜெர்சி மாநிலத்தில். தொழில் தகர வேலை. தகரத்தை வெட்டி, வளைத்து, பற்றவைத்து டப்பாவும் மூடியும் செய்கிற கைவினைஞர். நியூயார்க்கில் பட்டறை வைத்து வேலை பார்த்தார்.

பெரிய படிப்பாளி இல்லை, விஞ்ஞானியும் இல்லை. ஆனால் ஒரு மூடி ஏன் சரியாக உட்காரவில்லை என்பதைக் கையால் தொட்டே சொல்லக்கூடியவர். அவருடைய கண்டுபிடிப்பு பிறந்தது அந்தக் கைப்பழக்கத்தில் இருந்துதான்.

அதற்கு முன்னால் எப்படி அடைத்தார்கள்?

சாப்பாட்டுப் பொருளைக் கெடாமல் அடைத்து வைக்கும் முறைக்கு வழி காட்டியவர் பிரான்ஸைச் சேர்ந்த நிக்கோலா அப்பேர். சமையல்காரர், மிட்டாய்க் கடைக்காரர். படைகளுக்கும் கப்பல்களுக்கும் கெடாத உணவு தேவைப்பட்ட காலம் அது.

அப்பேர் உணவைக் கண்ணாடி பாட்டிலில் போட்டு, கார்க்கால் அடைத்து, கம்பியால் கட்டி, கொதிக்கும் தண்ணீரில் வைத்தார். பல மாதம் கழித்தும் உணவு கெடவில்லை. 1810-ல் பிரெஞ்சு அரசு அவருக்கு 12,000 பிராங்க் பரிசு கொடுத்தது. பதிலுக்கு அவர் தன் முறையைப் புத்தகமாக வெளியிட்டார்.

உணவு ஏன் கெடவில்லை என்பது அப்போது அவருக்கே தெரியாது. கிருமிகள்தான் காரணம் என்று லூயி பாஸ்டர் நிரூபித்தது 1860-களில்.

முறை கிடைத்துவிட்டது. ஆனால் மூடி? அதுதான் பிரச்சனை.

கார்க் அடைத்தால் அதன் மேல் மெழுகு அல்லது அரக்கு ஊற்ற வேண்டும். தகர மூடி வைத்தால் அதைச் சுற்றியும் சூடான மெழுகு ஊற்ற வேண்டும். கொஞ்சம் இடைவெளி விட்டாலும் காற்று புகுந்து எல்லாம் வீண். திறக்கும்போது மெழுகை உடைத்துச் சுரண்ட வேண்டும், அதில் பாதி உள்ளே விழும். வீட்டில் செய்வதற்குச் சிரமமான வேலை.

நம்ம ஊர்ப் பாட்டிகள் ஊறுகாய்ப் பீங்கான் ஜாடியின் வாயில் வெள்ளைத் துணி கட்டி, மேலே எண்ணெய் மிதக்க விட்டதும் இதே பிரச்சனைக்கான தீர்வுதான். உப்பும் எண்ணெயும் இருப்பதால் ஊறுகாய் தாங்கும். வேகவைத்த பழமும் காய்கறியும் அப்படித் தாங்காது. அதற்குக் காற்றுப் புகாத மூடி கட்டாயம் வேண்டும்.

மேசன் செய்தது என்ன?

திருகு மூடி என்ற யோசனை மேசனுக்கு முன்னாலேயே இருந்தது. ஆனால் கண்ணாடியில் அது சரியாக வேலை செய்யவில்லை.

காரணம் எளிது. அந்தக் காலத்தில் கண்ணாடி பாட்டிலைக் குழாய் வைத்து வாயால் ஊதித்தான் செய்வார்கள். ஊதி முடித்ததும் குழாயில் இருந்து பாட்டிலை உடைத்து எடுக்க வேண்டும். உடைத்த இடத்தில் விளிம்பு மேடு பள்ளமாக இருக்கும். அந்த விளிம்பு வரைக்கும் மரை இருந்தால் மூடி நேராக ஏறாது. மரை கீழே ஜாடியின் தோள்பட்டை வரைக்கும் போனால், மூடியின் அடிப்பக்கம் அங்கே சமமாக உட்காராது. எங்காவது ஒரு இடத்தில் காற்று புகுந்துவிடும்.

மேசன் இரண்டு முனையிலும் கை வைத்தார். மரை விளிம்புக்குக் கொஞ்சம் கீழே மெல்ல ஆரம்பிக்கும். தோள்பட்டை வருவதற்கு முன்னாலேயே மெல்ல மறைந்துவிடும். அதனால் மூடி தடங்கல் இல்லாமல் ஏறி, கடைசியில் சமதளமான தோள்பட்டை மேல் சரியாக உட்காரும். நடுவில் ஒரு ரப்பர் வாஷர். திருகும்போது மூடி வாஷரை அழுத்தும், வாஷர் இடைவெளியை அடைக்கும்.

சூடான பழத்தைப் போட்டு மூடினால், ஆறும்போது உள்ளே அழுத்தம் குறையும். வெளிக்காற்று மூடியை இன்னும் இறுக்கமாகக் கீழே அழுத்தும். மெழுகும் வேண்டாம், அரக்கும் வேண்டாம்.

1858 நவம்பர் 30-ம் தேதி அமெரிக்கக் காப்புரிமை எண் 22,186 மேசனுக்குக் கிடைத்தது. தலைப்பு, திருகுக் கழுத்து பாட்டில்களில் மேம்பாடு. அப்போது மேசனுக்கு வயது 26.

இந்தியாவில் காப்புரிமைக்கான முதல் சட்டம் வந்தது அதற்கு இரண்டு வருஷம் முன்னால், 1856-ல். முதல் விண்ணப்பம் கல்கத்தாவில் போடப்பட்டது. அது பங்கா இழுக்கும் இயந்திரத்துக்கானது. மேசன் காலத்தில் காப்புரிமை என்பது இங்கேயும் புதுசாக எட்டிப் பார்க்க ஆரம்பித்திருந்தது.

பிறகு எங்கே சறுக்கினார்?

ஒரு விஷயத்தை முதலில் தெளிவாகப் புரிந்துகொள்ள வேண்டும். மேசன் ஜாடி என்பது ஒரே ஒரு கண்டுபிடிப்பு இல்லை. 1858 காப்புரிமை மரைக்கானது. அதற்குப் பிறகும் மேசன் ஜாடியை மேம்படுத்திக்கொண்டே இருந்தார். மூடி, வாஷர், திருகு எல்லாம் சேர்ந்து இன்னும் நன்றாக அடைக்கும்படி புது அமைப்பு ஒன்றை உருவாக்கினார்.

அந்தப் புது அமைப்பு 1859 ஜூனிலேயே தயாராகிவிட்டது. குறைந்தது இரண்டு டஜன் ஜாடிகள் அந்த முறைப்படி செய்யப்பட்டன. சிலவற்றை இலவசமாகக் கொடுத்தார். சிலவற்றை விற்றார். காசு தேவைப்பட்டது ஒரு காரணம். சந்தையில் விலை போகுமா என்று பார்ப்பது இன்னொரு காரணம்.

ஆனால் அந்த அமைப்புக்குக் காப்புரிமை கேட்டு அவர் விண்ணப்பம் போட்டது எப்போது தெரியுமா? 1868 ஜனவரி 15. ஜாடி தயாராகி எட்டரை வருஷம் கழித்து!

இடைப்பட்ட காலத்தில் அமெரிக்காவில் உள்நாட்டுப் போர் வந்து முடிந்தது. வீட்டிலேயே பழத்தை அடைத்து வைக்கும் பழக்கம் பரவியது. ஜாடி தயாரிப்பில் பல பேர் இறங்கினார்கள், முதலும் போட்டார்கள். மேசன் ஒரு பக்கம் தன் பழைய உரிமைகளை மற்றவர்களுக்கு விற்றுக்கொண்டும் இருந்தார்.

ஜாடியை மேம்படுத்தியவர்களில் லூயிஸ் பாய்டு முக்கியமானவர். மேசன் ஜாடியின் மூடி துத்தநாகத் தகடால் ஆனது. புளிப்பான பழச்சாறு பட்டால் உலோகம் கரைந்து ருசி மாறும். பாய்டு மூடிக்குள் ஒரு வெள்ளைக் கண்ணாடித் தட்டைப் பொருத்தினார். உணவு உலோகத்தைத் தொடாது. இதற்கு 1869-ல் காப்புரிமை வாங்கினார். புளிக்குழம்பை அலுமினியப் பாத்திரத்தில் வைக்காதே என்று நம்ம வீட்டில் சொல்வார்களே, அதே கதைதான்.

மேசனின் புது அமைப்புக்கு ஒருவழியாக 1870 மே 10-ம் தேதி காப்புரிமை கிடைத்தது. அந்த உரிமை கன்சாலிடேட்டட் ஃப்ரூட் ஜார் கம்பெனி கைக்குப் போனது. நியூஜெர்சியின் நியூ பிரன்ஸ்விக் நகரத்தில் இயங்கிய இந்த கம்பெனியில் மேசனும் பாய்டும் கைகோத்திருந்தார்கள்.

வழக்கு என்ன?

கையில் காப்புரிமை இருக்கிறது, சந்தையில் மற்றவர்கள் அதே மாதிரி ஜாடியை விற்கிறார்கள். கம்பெனி சும்மா இருக்குமா? ரைட் என்பவர் மீது வழக்குப் போட்டது. எங்கள் காப்புரிமையை மீறிவிட்டார், நஷ்ட ஈடு வேண்டும் என்பது கோரிக்கை.

ரைட் தரப்பு ஜாடியின் வடிவத்தைப் பற்றிப் பெரிதாக வாதாடத் தேவை இருக்கவில்லை. அவர்கள் பிடித்தது காலண்டரை.

அன்றைய அமெரிக்கச் சட்டம் கண்டுபிடிப்பாளருக்கு 2 வருஷம் அவகாசம் கொடுத்தது. கண்டுபிடித்த பொருளைப் பொதுவெளியில் பயன்படுத்தலாம், விற்கலாம். ஆனால் அதில் இருந்து 2 வருஷத்துக்குள் விண்ணப்பம் போட்டாக வேண்டும். தாண்டினால் உரிமை போச்சு. அந்தக் கண்டுபிடிப்பு பொதுச் சொத்து.

1859-ல் ஜாடி விற்பனை ஆகியிருக்கிறது. 1868-ல்தான் விண்ணப்பம். அப்போ காப்புரிமையே செல்லாது என்பது ரைட் தரப்பு வாதம். கூடவே, இத்தனை வருஷம் சும்மா இருந்ததால் மேசன் தன் உரிமையைக் கைவிட்டுவிட்டார் என்றும் சொன்னார்கள்.

உச்ச நீதிமன்றம் என்ன சொன்னது?

வழக்கு அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை போனது. 1876-ல் தீர்ப்பு. எழுதியவர் நீதிபதி நோவா ஸ்வேய்ன். முடிவு, கம்பெனிக்குத் தோல்வி.

நீதிமன்றம் கவனித்த விஷயங்கள் மூன்று.

முதலாவது, 1859-ல் அந்த ஜாடி முழுமையாகத் தயாராகிவிட்டது. அதற்குப் பிறகு சோதித்துப் பார்க்க ஒன்றும் மிச்சமில்லை.

இரண்டாவது, விற்றது சில ஜாடிகள்தான் என்ற வாதம் எடுபடவில்லை. எத்தனை விற்றது என்பது கணக்கே இல்லை. சூழ்நிலையைப் பொறுத்து ஒரே ஒரு விற்பனைகூட காப்புரிமையைக் கொன்றுவிடும் என்பது நீதிமன்றத்தின் நிலைப்பாடு.

மூன்றாவது, மேசன் தூங்கிய காலத்தில் மற்றவர்கள் முதல் போட்டுத் தொழிலை வளர்த்துவிட்டார்கள். திடீரென்று ஒருநாள் எழுந்துவந்து எல்லாம் என்னுடையது என்று சொன்னால் அவர்களுக்கு அது அநியாயம்.

இங்கே ஒரு கேள்வி வரலாம். ஒரு பொருளைச் சோதித்துப் பார்க்காமல் எப்படி விண்ணப்பம் போட முடியும்? சோதனை என்றால் நாலு பேர் கையில் கொடுத்துத்தானே ஆக வேண்டும்?

நியாயமான கேள்வி. இதற்கும் அதே நீதிமன்றம் அடுத்து வந்த இன்னொரு வழக்கில் பதில் சொன்னது. பாஸ்டன் நகரத்தில் சாமுவேல் நிக்கல்சன் என்பவர் மரக்கட்டைகளைப் பதித்து ஒரு சாலைத் தளம் போட்டார். வண்டிகள் அதன் மேல் 6 வருஷம் ஓடின. பிறகுதான் காப்புரிமை வாங்கினார். அது செல்லும் என்று நீதிமன்றம் சொன்னது.

என்ன வித்தியாசம்? சாலை எத்தனை வருஷம் தாங்கும் என்பதை வருஷக்கணக்கில் வண்டி விட்டுத்தான் பார்க்க முடியும். நிக்கல்சன் அதைத் தன் கண்காணிப்பிலேயே வைத்து அடிக்கடி போய்ப் பார்த்தார். மேசன் ஜாடியை விற்றுவிட்டுக் கையை விட்டுவிட்டார். ஜாடி அடைக்கிறதா என்று சோதிப்பது வேறு, சந்தையில் விலை போகுமா என்று பார்ப்பது வேறு. இரண்டாவது சோதனை இல்லை, வியாபாரம்.

அதற்குப் பிறகு மேசனுக்கு என்ன ஆனது?

1870 காப்புரிமை செல்லாமல் போனது. 1858-ன் மூலக் காப்புரிமைக்கும் ஆயுள் குறைவு. அன்றைய சட்டப்படி அடிப்படைக் காலம் 14 வருஷம் மட்டுமே. 1880-கள் வந்தபோது அதுவும் காலாவதியாகிவிட்டது. கதவு அகலத் திறந்தது. யார் வேண்டுமானாலும் மேசன் ஜாடி செய்யலாம் என்ற நிலை.

செய்தார்கள். அதில் ஜெயித்தவர்கள் பால் சகோதரர்கள், மொத்தம் 5 பேர். 1880-ல் உறவினரிடம் 200 டாலர் கடன் வாங்கித் தொழில் தொடங்கியவர்கள். 1884-ல் கண்ணாடி ஜாடிக்கு மாறினார்கள். பிறகு இண்டியானா மாநிலத்தின் மன்சி நகரத்துக்கு ஆலையைக் கொண்டுபோனார்கள். அமெரிக்க வீடுகளின் அலமாரி எல்லாம் பால் கம்பெனி ஜாடிகள் நிறைந்தன. மன்சியில் இன்று பால் ஸ்டேட் யுனிவர்சிட்டி என்று அவர்கள் பெயரிலேயே ஒரு பல்கலைக்கழகம் இருக்கிறது.

இன்னொரு ஆச்சரியமும் உண்டு. ஜாடியில் தொடங்கிய அந்த நிறுவனம் பின்னாளில் விண்வெளித் துறைக்கும் போனது. ஹப்பிள் தொலைநோக்கியின் மங்கலான பார்வையைச் சரிசெய்ய 1993-ல் பொருத்திய கருவியைச் செய்தது பால் நிறுவனத்தின் விண்வெளிப் பிரிவுதான்.

வேடிக்கை என்னவென்றால், காப்புரிமை போன பிறகும் மேசன் பெயர் போகவில்லை. பல கம்பெனிகள் ஜாடி மேல் மேசன் பெயரையும் 1858 நவம்பர் 30 என்ற தேதியையும் கண்ணாடியிலேயே அச்சாகப் பதித்து வருஷக்கணக்கில் விற்றன. 20-ம் நூற்றாண்டிலும் அது தொடர்ந்தது. அதனால் இன்றும் பழம்பொருள் சேகரிப்பவர்கள் அந்தத் தேதியைப் பார்த்து, ஜாடியே 1858-ல் செய்தது என்று ஏமாறுவது உண்டு.

மேசன் 1902 பிப்ரவரி 26-ம் தேதி நியூயார்க்கில் இறந்தார். கையில் காசு இல்லை. அதே நேரத்தில் அவர் பெயர் பொறித்த ஜாடிகள் லட்சக்கணக்கான வீடுகளின் சமையலறையில் இருந்தன.

அவருக்கு முன்னோடியான நிக்கோலா அப்பேரின் முடிவும் இதேபோலத்தான். அவரும் 1841-ல் வறுமையில் இறந்தார். ஆனால் ஒரு வித்தியாசம் இருக்கிறது. அப்பேர் அரசுப் பரிசை வாங்கிக்கொண்டு, தெரிந்தே தன் முறையை உலகத்துக்குக் கொடுத்தார். மேசன் கொடுக்கவில்லை. தவறவிட்டார்.

எல்லா மூடிக்காரர்களும் தோற்றார்களா?

இல்லை. சோடா பாட்டில் மூடியைப் பற்களால் கடித்துத் திறந்த அனுபவம் பலருக்கும் இருக்கும். ஓரத்தில் பல் பல்லாக இருக்கும் அந்தத் தகர மூடியைக் கண்டுபிடித்தவர் பால்டிமோர் நகரத்தின் வில்லியம் பெயின்ட்டர். 1892-ல் காப்புரிமை வாங்கினார். அதே கையோடு கம்பெனியும் தொடங்கினார். மூடியோடு நிற்காமல், அதைப் பாட்டிலில் பொருத்தும் இயந்திரத்துக்கும் உரிமை வாங்கினார். பெரும் பணக்காரராக இறந்தார்.

இரண்டு பேருமே திறமைசாலிகள். இரண்டு பேர் செய்ததும் ஒரு மூடிதான். ஆனால் பெயின்ட்டர் காகித வேலையையும் தொழிலின் ஒரு பகுதியாகவே பார்த்தார். மேசன் அதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டார்.

சரி, இது நமக்கு எதுக்கு?

உதாரணத்துக்கு, கச்சிராயபாளையத்தில் ஒருவர் தேன் ஒழுகாத புது மாதிரி மூடி ஒன்றை உருவாக்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். முதலில் என்ன செய்வார்? பத்து பாட்டிலில் பொருத்தித் தெரிந்தவர்களுக்குக் கொடுப்பார். நாலு பாட்டிலைக் கடையில் வைத்து விற்றுப் பார்ப்பார். ஒரு வீடியோ எடுத்து வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் போடுவார், யூடியூபிலும் ஏற்றுவார். நல்ல பெயர் கிடைத்த பிறகு, காப்புரிமை வாங்கலாமே என்று யோசிப்பார்.

மேசன் 1859-ல் செய்ததும் கிட்டத்தட்ட இதேதான். ஆனால் இவருடைய நிலைமை மேசனைவிட மோசம். அமெரிக்காவில் அன்று 2 வருஷம் அவகாசம் இருந்தது, இன்று 1 வருஷம் இருக்கிறது. இந்தியாவில் பொதுவாக அந்த அவகாசமே கிடையாது.

இந்தியக் காப்புரிமைச் சட்டம், 1970 சொல்வது இதுதான். விண்ணப்பிக்கும் தேதிக்கு முன்னால் அந்தக் கண்டுபிடிப்பு பொதுவெளியில் தெரிந்திருக்கக் கூடாது, பயன்பாட்டில் இருக்கக் கூடாது, பிரசுரமாகி இருக்கக் கூடாது. அதை வெளியிட்டது கண்டுபிடித்தவரே என்றாலும் விதி இதுதான்.

சில விலக்குகள் உண்டு. மத்திய அரசு அறிவிக்கை செய்த கண்காட்சியில் காட்டினால், அதில் இருந்து 12 மாதத்துக்குள் விண்ணப்பிக்கலாம். பொதுவெளியில் வைத்தால்தான் சோதிக்க முடியும் என்கிற பொருளாக இருந்தால், நியாயமான சோதனைக்கு ஒரு வருஷ விலக்கு உண்டு. ஆனால் ஊர்ச் சந்தையில் விற்றுப் பார்ப்பது இந்த விலக்குக்குள் வராது.

அப்போ என்ன செய்ய வேண்டும்?

* முதலில் விண்ணப்பம், அப்புறம்தான் விற்பனை. இதுதான் அடிப்படை.

* வேலை இன்னும் முழுதாக முடியவில்லையா? தற்காலிக விண்ணப்பம் போடலாம். யோசனை என்ன, எப்படி வேலை செய்யும் என்று விளக்கிப் பதிவு செய்தால் அந்தத் தேதி உங்கள் பெயரில் நிற்கும். 12 மாதத்துக்குள் முழு விவரத்தைக் கொடுக்க வேண்டும்.

* விண்ணப்பம் போடும் முன் யாரிடமாவது காட்டியே ஆக வேண்டும் என்றால், ரகசியம் காப்பதாக எழுத்தில் ஒப்பந்தம் வாங்கிக்கொள்ளுங்கள். அச்சு செய்பவரிடம் காட்டினாலும் சரி, முதலீட்டாளரிடம் காட்டினாலும் சரி.

* தனி நபர், ஸ்டார்ட்-அப், சிறு நிறுவனம் என்றால் ஆன்லைனில் விண்ணப்பிக்க அடிப்படைக் கட்டணம் 1,600 ரூபாய். பரிசோதனைக் கட்டணமும் வழக்கறிஞர் செலவும் தனி. தமிழ்நாட்டில் இருப்பவர்களுக்கான காப்புரிமை அலுவலகம் சென்னை கிண்டியில் இருக்கிறது.

* காப்புரிமை கிடைத்தால் விண்ணப்பத் தேதியில் இருந்து 20 வருஷம் செல்லும். இடையில் புதுப்பிப்புக் கட்டணம் கட்டிக்கொண்டே வர வேண்டும்.

* மூடி எப்படி வேலை செய்கிறது என்பது காப்புரிமை. ஜாடி பார்க்க எப்படி இருக்கிறது என்பது டிசைன் பதிவு. டிசைன் சட்டம், 2000-ன்படி தோற்றத்துக்குத் தனியாகப் பதிவு வாங்கலாம். 10 வருஷம் செல்லும், மேலும் 5 வருஷம் நீட்டிக்கலாம். இதற்கும் முன்கூட்டியே வெளியிடக் கூடாது என்ற விதி உண்டு.

* பழைய பொருளை மேம்படுத்தினால் அந்த மேம்பாட்டுக்குத் தனி விண்ணப்பம் வேண்டும். பழைய காப்புரிமை தானாகப் புதியதைக் காப்பாற்றாது. மேசனிடம் 1858 காப்புரிமை இருந்தது. ஆனால் 1859-ல் செய்த மேம்பாட்டை அது காப்பாற்றவில்லை.

தாமதம் என்பது யாருக்கும் நடக்கக்கூடியது. கையில் காசு இருக்காது, வேலை முடிந்ததா என்று சந்தேகம் இருக்கும், நம்ம ஊரில் யார் காப்பி அடிக்கப் போகிறார்கள் என்ற நம்பிக்கையும் இருக்கும். ஆனால் சட்டம் அந்தக் காரணங்களைப் பார்ப்பதில்லை, தேதியைத்தான் பார்க்கிறது. காற்றுப் புகாத ஜாடியைச் செய்த மேசனுக்கும், இரண்டு டஜன் ஜாடிகளும் ஒரு தேதியும் எதிராக நின்றன.

அடுத்த முறை கல்வராயன் மலைத்தேன் பாட்டிலின் மூடியை இறுக்கித் திருகும்போது ஜான் லாண்டிஸ் மேசன் ஞாபகத்துக்கு வரட்டும். புதுசாக ஒன்றைச் செய்து கையில் வைத்திருப்பவர் யாராவது பக்கத்தில் இருந்தால், கடையில் வைக்கும் முன் விண்ணப்பம் போட்டாச்சா என்று ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.